ஐம்பது நெருங்குகிறது. கடமைகள் குறைந்த பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள்?

உறையூர்க்காரி
சனி, இரவு 10.40

எனக்கு 48 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. சம்பளப் பட்டியல், பி.எப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மாமனாரைப் பல வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தோம், போன தையில் காலமானார். மகள் கல்லூரி விடுதியில். வீட்டுக்கடன் முடியும் தறுவாயில் இருக்கிறது. எதற்கெல்லாம் இத்தனை வருடம் ஓடினேனோ அதெல்லாம் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போய்விட்டது.

நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. காலையில் எழுந்தால் "இன்றைக்கு யாருக்காக?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கணவரிடம் சொன்னேன், "கோயில் குளம் போய்ட்டு வா" என்றார். திருவானைக்கா, சமயபுரம், நெடுங்களம் என்று போனேன். மனது குளிர்ந்தது உண்மை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அதே வெறுமை.

வயது ஏற ஏற பக்குவம் வரும் என்பார்கள். தானாக வருமா, நாம் ஏதாவது செய்தால்தான் வருமா? 45-ஐத் தாண்டியவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த இழை. அறிவுரை வேண்டாம். உங்கள் நாள் எப்படிப் போகிறது, எது உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறது, அதைச் சொல்லுங்கள்.


இரவுப்பணி
சனி, இரவு 11.25

அக்கா, நான் செவிலியர், 51 வயசு. அறிவுரை வேண்டாம்னுட்டீங்க, ஆனா இதைச் சொல்லாம என்னால போக முடியாது. ரத்தப் பரிசோதனை செஞ்சு எத்தனை நாளாச்சு? ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை, இதெல்லாம் ஒரு தடவை பாத்துடுங்க. நம்ம நாட்டுப் பொண்ணுங்களுக்கு மாதவிடாய் நிக்கறது சராசரியா 46, 47 வயசுல. அதுக்குச் சில வருஷம் முன்னாடியே தூக்கம் கெடும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், காரணமே இல்லாம மனசு கனக்கும். இதை "வாழ்க்கைக்கு அர்த்தம் இல்ல"ன்னு நினைச்சுக்கிட்டே வருஷக் கணக்கா ஓட்டுனவங்களை வார்டுல நான் பாத்திருக்கேன். எனக்கே தைராய்டு மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் காலையில எழுந்து நிக்க முடிஞ்சது.

உங்க கேள்வி பொய்யின்னு சொல்லலை. உடம்பு சொல்றது எது, மனசு சொல்றது எதுன்னு பிரிச்சுப் பாத்துட்டா கேள்வியே தெளிவா தெரியும். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் ஈடுபாடு இல்ல, தூக்கமும் இல்லன்னா டாக்டரைப் பாருங்க. வெளியில சொல்லத் தயக்கமா இருந்தா டெலி மானஸ்னு மனநல உதவி எண் இருக்கு, 14416-க்குக் கூப்பிடுங்க. 2022-லிருந்து அரசாங்கம் நடத்துறது, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.


பொருநைக்கரை
ஞாயிறு, காலை 6.10

உங்களை விட மூத்தவன் நான். 60 நடக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம். தொலைபேசித் துறையில், பி.எஸ்.என்.எல்.-ல், கேபிள் வேலை. 2020 ஜனவரி 31-ம் தேதி நாடு முழுக்க ஏறத்தாழ 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்களே, அதில் நானும் ஒருத்தன். 50 வயதைத் தாண்டிய கூட்டம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தது. கொஞ்ச நாளில் ஊரடங்கும் வந்துவிட்டது. எந்தப் பக்கமும் போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம்.

அந்த ஒரு வருடம் எனக்கு நல்ல வருடம் இல்லை. காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து போக இடம் இல்லை. பேப்பரை மூணு தடவை படிப்பேன். வீட்டில் இருக்கிறவர்களிடம் குறை கண்டுபிடிப்பேன்.

மாறியது எப்படி என்றால், நான் எதையும் தேடிப் போகவில்லை. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு. பென்ஷனுக்கு வாழ்வுச் சான்று கொடுக்கணும், வங்கிக்குப் போக முடியவில்லை. முகத்தைக் காட்டி போனிலேயே அந்தச் சான்றை, ஜீவன் பிரமாண் என்பார்கள், பதிகிற வசதி 2021-ல் வந்தது. நான் என் போனில் அதை இறக்கி, ஆச்சியைத் திண்ணையில் வெளிச்சத்துக்கு நேராக உட்கார வைத்து, ஒரு வழியாகப் பதிந்து கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் இன்னொரு வீட்டில் இருந்து ஆள் வந்துவிட்டது.

இப்போது நவம்பர் மாதம் வந்தால் எனக்குச் சாப்பிட நேரம் கிடையாது. 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கலாம், அவர்களை முதலில் முடித்துவிடுவேன். மற்ற மாதங்களில் போன் மாற்றிக் கொடுப்பது, பேரப் பிள்ளைகளோடு வீடியோவில் பேச வைப்பது, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. காசு வாங்குவதில்லை, காபி வாங்கிக்கொள்வேன். கேபிள் இழுத்த காலத்தில் எல்லா வீட்டு வாசலும் பழக்கம். அதனால்தான் என்னை உள்ளே விடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பக்குவம் வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டில் கத்துவது குறைந்திருக்கிறது.


சாய்வுநாற்காலி
ஞாயிறு, காலை 9.30

பொருநைக்கரை எழுதியது மனதில் நிற்கிறது. மதுரையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விஷயத்தைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன்.

நடுவயது நெருக்கடி என்ற பேச்சை உலகத்துக்குத் தந்தவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளவியலாளர். 1965-ல் அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது 48, உங்கள் வயதுதான். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உழைத்து 2003-ல்தான் மறைந்தார். 2008-ல் பிளாஞ்ச்ஃபிளவர், ஆஸ்வால்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, மன நிறைவு நாற்பதுகளின் நடுவில்தான் அடிமட்டத்தைத் தொடுகிறது, பிறகு மெல்ல ஏறுகிறது என்றார்கள். 2012-ல் சிம்பன்சி, ஒராங்குட்டான் குரங்குகளைப் பராமரிப்பவர்களிடம் கேட்டபோது, 508 குரங்குகளிடமும் நடுவயதில் அதே சரிவு தெரிந்ததாம். ஒரே ஆளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தால் இந்த இறக்கமும் ஏற்றமும் எல்லோருக்கும் அப்படியே வராது என்று மறுக்கிறவர்களும் உண்டு. ஆனாலும் வீட்டுக்கடன், பிள்ளை, மாமியார் எதுவும் இல்லாத குரங்குக்கும் அது வருகிறது என்றால், இது உங்கள் தனிப்பட்ட குறை இல்லை என்பதையாவது ஏற்றுக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் டாக்டர் வெங்கடசாமி, ஊரே டாக்டர் வி. என்று சொல்லும் மனிதர். 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவரை முடக்குவாதம் தாக்கி விரல்களைக் கோணலாக்கிவிட்டது. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகினார். 1976-ல் 58 வயதில் அரசுப் பணியில் ஓய்வு. அதே வருடம் அண்ணா நகரில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை ஏழைக்கு எட்டவில்லை என்று 1992-ல் அதைச் செய்ய ஆரோலேப் தொடங்கியபோது எழுபதைத் தாண்டியிருந்தார்.

58-ல் புது வாழ்க்கை தொடங்கினார் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசு மருத்துவமனையில் இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-ல் நிலமற்ற உழவர்களுக்கு நிலம் பெற்றுத் தரும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கியபோது வயது 55. அதற்கு முன் ஏழைகளுக்காக நிலதானம் கேட்ட பூதான இயக்கத்தில் நடந்து தேய்ந்த கால் அது. 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு தஞ்சைப் பக்கம் போய்ச் சேர்ந்தவர். நடுவயதில் எதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஏற்கெனவே கையில் இருப்பதுதான், அதைச் சுற்றியிருந்த மற்ற வேலைகள் உதிர்ந்ததும் கண்ணுக்குத் தெரிகிறது.


மூட்டைக்கணக்கு
ஞாயிறு, மதியம் 1.15

ஐயா மேல மரியாதை உண்டு. ஆனா நீங்க சொல்ற ஆளுங்க டாக்டரு, தலைவரு. பென்ஷன் இருக்கிறவங்க "அர்த்தம்" தேடலாம். எங்கப்பா மண்டியில சுமை தூக்குனவர். 51 வயசுல, மூட்டையை இறக்கி வச்சுட்டு உக்காந்தவர் எந்திரிக்கலை. நடுவயசு நெருக்கடின்னு அவருக்குச் சொல்லியிருந்தா என்னன்னு கேட்டிருப்பாரு. அவருக்கு இருந்த ஒரே நெருக்கடி கந்துவட்டி.

எனக்கு இப்ப 44. அதே ஊர்ல லாரி புக்கிங் ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன். படி ஏறும்போது மூச்சு வாங்குனா 51 ஞாபகம் வரும். இன்னும் ஏழு வருஷம்தானான்னு ராத்திரி எண்ணிக்கிட்டுப் படுத்திருப்பேன். இதுக்கு எந்த ஆராய்ச்சியில பேர் வச்சிருக்காங்க?


சாய்வுநாற்காலி
ஞாயிறு, மதியம் 2.05

தம்பி, அப்பாவின் வயதை நெருங்கும்போது வரும் அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதற்குப் பேர் வைத்து உங்களுக்கு ஆகப் போவது ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மதுரைப் பக்கம் புல்லுச்சேரியில் சின்னப்பிள்ளை என்றொரு அம்மா. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. நடவுக்குப் போகும் பெண்களுக்குத் தலைவியாக நின்று கூலி பேசுகிறவர். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் வந்தபோது அந்தப் பேச்சுத் திறமைதான் சேமிப்பு, கடன், கண்மாய் மீன் குத்தகை என்று வளர்ந்தது. டெல்லியில் விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. கந்துவட்டிக்கு எதிராக நின்றதுதான் அவர் வாழ்க்கை. பென்ஷன் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய விஷயமாக நான் இதை நினைக்கவில்லை.


தாழைக்கோழி
ஞாயிறு, மாலை 4.50

கோயம்புத்தூர்ங்க, 53 வயசு. எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா கவனிச்சீங்களா, இதுவரைக்கும் வந்த உதாரணம் அத்தனையும் அடுத்தவங்களுக்கு உழைக்கறதுதான். உறையூர் அக்கா இருபது வருஷத்துக்கு மேல மாமனாரு, மக, புருஷன், ஆபீஸுன்னு அடுத்தவங்களுக்கே உழைச்சு முடிச்சுட்டு வந்து நிக்கறாங்க. அவங்ககிட்ட "வேற யாருக்காவது உழைங்க, அர்த்தம் கிடைக்கும்"னு சொல்றது எனக்குச் சரியாப் படலீங்க. பொம்பளைக்கு யாருக்கும் உபயோகமில்லாத ஒரு மணி நேரம் கிடைக்கவே கூடாதா?

நான் பறவை பாக்கறேன். காலையில ஆறு மணிக்குச் சிங்காநல்லூர்க் குளக்கரை. முக்குளிப்பான் முங்கி எங்க எந்திரிக்கும்னு பாத்துட்டு நிப்பேன். பாம்புத்தாரா ரெக்கையை விரிச்சு வெயில்ல காய வெக்கும். கூழைக்கடா ஒரு கூட்டமா இறங்கறப்ப தண்ணியே சத்தம் போடும். 48 வயசு வரைக்கும் எனக்குக் காக்கா, குருவி, மைனா, புறா, கொக்கு இவ்வளவுதான் தெரியும். அந்த வயசுக்கு மேல நூத்துக்கும் மேற்பட்ட உயிரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிஞ்சுக்கிட்டேன். மூளை மங்கற வயசுன்னு எவன் சொன்னான்னு இருந்தது.

பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குதுங்க, 2015-லிருந்து. நானும் எண்ணிப் பதிவு பண்றேன். யாரோ ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறாங்களாம், எடுத்துக்கட்டும். ஆனா அதுக்காக நான் போறதில்லீங்க. பாக்கறதுக்குத்தான் போறேன்.


உறையூர்க்காரி
ஞாயிறு, இரவு 9.15

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. செவிலியர் தோழி சொன்ன பரிசோதனைகளுக்கு நாளைக் காலையில் போகிறேன். தூக்கம் உண்மையிலேயே கெட்டிருக்கிறது, அதை நான் மேலே எழுதவில்லை.

தாழைக்கோழி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன செய்வேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றுமே தோன்றவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பிடித்தது எது என்பதே மறந்துபோன மாதிரி இருக்கிறது.


வலிகாமத்தான்
திங்கள், காலை 7.45

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம் மானிப்பாய். இப்ப கனடாவில, ஸ்காபரோவில இருந்து ட்ரக் ஓடுறன். வயசு 50.

என்ர அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேணும். 95-ம் ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, சண்டையால எங்கட வலிகாமப் பகுதி முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. அப்பாவுக்கு அப்ப அம்பதைத் தாண்டி வயசு. வீடு, வளவு, அவர் சேர்த்து வச்ச புத்தகம் எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு சைக்கிளோட வந்தவர். ஆள் இனி எழும்பமாட்டார் எண்டுதான் நாங்கள் நினைச்சம். ரெண்டு கிழமையால, தங்கியிருந்த இடத்தில பெடியள் சும்மா ஓடித் திரியிறதைப் பார்த்திட்டு, ஒரு பலகையைச் சாத்தி வச்சுக் கணக்குப் படிப்பிக்கத் தொடங்கிட்டார். அவர் வாத்தியார், அவருக்கு வேற என்ன தெரியும்? ஆனா அதுக்குப் பிறகுதான் அவர் சரியாச் சாப்பிட்டவர்.

எனக்கு அது இப்பதான் விளங்குது. அப்பா செத்து, 31-ம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டு ஆக்களுக்குத் தெரியாட்டில் சொல்லுறன், செத்தவரின்ர வாழ்க்கை வரலாறு, பரம்பரை, தேவாரம், உறவுகளின்ர இரங்கல் எல்லாம் போட்டு நாங்கள் அடிக்கிற சின்னப் புத்தகம் அது. எழுதேக்க தாத்தாவின்ர தகப்பன்ர பேர் ஒருத்தருக்கும் தெரியேல்ல. கடைசியில மாமி ஒராள் வச்சிருந்த பழைய கல்வெட்டு ஒண்டில இருந்துதான் எடுத்தம்.

81-ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதில 97,000 புத்தகம் போனது எண்டு எல்லாரும் சொல்லுவினம். வீடுகளில இருந்த இப்பிடிச் சின்னப் புத்தகங்கள் எவ்வளவு போனது எண்டு ஒருத்தரும் எண்ணேல்ல. 2005-ல இருந்து நூலகம் எண்டு ஒரு இணையத் திட்டம் ஈழத்து எழுத்துகளை ஸ்கான் பண்ணிச் சேர்க்குது. நினைவு மலர், கோயில் மலர், பள்ளிக்கூட மலர் எல்லாம் அதில இருக்கு. நான் இங்க உறவுகாரர் வீட்டு அலுமாரிகளில கிடக்கிற கல்வெட்டுகளைக் கேட்டு வாங்கி, ஸ்கான் பண்ணி, திருப்பிக் குடுக்கிறன். ட்ரக் ஓடுற நாளில ஏலாது, லீவு நாளில செய்யிறன்.

தாழைக்கோழி அக்கா சொல்லுறதும் சரி. எனக்கு இது சேவை எண்டு தெரியேல்ல. வாசிக்க விருப்பம். ஆரோ ஒரு ஆச்சி 1950-களில ரங்கூனுக்குக் கப்பல் ஏறின கதையை வாசிக்கேக்க எனக்கு நேரம் போறதே தெரியாது.


பொருநைக்கரை
திங்கள், காலை 8.20

உறையூர்க்காரி, பிடித்தது என்ன என்று தெரியவில்லை என்றீர்கள். அதை விடுங்கள். ஆபீஸ் வேலையில் நீங்கள் செய்ததில், செய்து முடித்ததும் மனது நிறைந்த நாள் எது? சம்பளத்துக்குச் சம்பந்தமில்லாமல்.


உறையூர்க்காரி
திங்கள், இரவு 10.05

காலையில் உங்கள் கேள்வியைப் படித்தேன், நாள் முழுக்க அதே நினைவு.

இரண்டு வருடம் முன்பு எங்கள் நிறுவனத்தில் பேக்கிங் பிரிவில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். 39 வயது. மனைவி கைக்குழந்தையோடு வந்து நின்றார். பி.எப். பணம் வரும் என்று மட்டும் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால் மூன்று கோரிக்கை இருக்கிறது. சேர்ந்த பணத்துக்கு 20-ம் படிவம். மனைவி, பிள்ளைகளின் மாத ஓய்வூதியத்துக்கு 10டி. காப்பீட்டுக்கு 5ஐ.எப். இந்தக் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை, நிறுவனம்தான் கட்டுகிறது. அதனால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2021-லிருந்து அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சேவை வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே போதும், மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகள் இரண்டு பேருக்கு 25 வயது வரை தனியாக உண்டு.

அந்தப் பெண்ணுக்கு மூன்றையும் நானே எழுதினேன். ஆதாரில் ஒரு பெயர், பி.எப். கணக்கில் ஒரு பெயர், அதைச் சரிசெய்யவே அலையாய் அலைந்தோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குக் கூடவே போனேன். எல்லாம் வந்து சேர்ந்த அன்று அவர் போன் செய்து ஒன்றும் பேசவில்லை, அழுதார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இதை ஒரு பெரிய விஷயமாக நான் நினைத்ததே இல்லை. என் வேலை, செய்தேன்.


மூட்டைக்கணக்கு
திங்கள், இரவு 10.30

அக்கா, இதை நாலு பேரு அன்னைக்கு எங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா. அப்பாவுக்கு பி.எப். எல்லாம் கிடையாது, சரி. ஆனா அவரு பேர்ல ஏதாவது இருந்துச்சா, எங்க போயிக் கேக்கணும்னு சொல்ல அந்த வட்டாரத்துல ஒரு ஆளு இல்லை. அம்மா துக்கம் முடிஞ்ச பத்தாம் நாளு சித்தாள் வேலைக்குப் போனாங்க.

நீங்க அர்த்தத்தைத் தேடிக்கிட்டு இருக்கீங்க. எங்க தெருவுல உங்களைத் தேடிக்கிட்டு இருக்காங்க. நெஜமாத்தான் சொல்றேன்.

பி.எப். இல்லாத ஆளுங்களுக்கு என்ன வழின்னு சொல்ல முடியுமா? எங்க மண்டியில அத்தனை பேரும் அப்படித்தான்.


உறையூர்க்காரி
திங்கள், இரவு 11.10

தம்பி, எல்லாருடைய வங்கி பாஸ்புக்கையும் வாங்கிப் பாருங்கள். மே மாதக் கடைசி வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் ஜீவன் ஜோதி காப்பீடு இருக்கிறது. எப்படி இறந்தாலும் 2 லட்சம். சேர்வதற்கு வயது 18 முதல் 50 வரை, சேர்ந்தவர்களுக்கு 55 வரை பாதுகாப்பு. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, அதுவும் 2 லட்சம், வயது 70 வரை. கணக்குத் தொடங்கும்போது வங்கியில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், இவர்களுக்கு நினைவே இருக்காது. இந்தப் பணம் பிடிக்காமல் இருந்தால் 50-க்குக் கீழே உள்ளவர்களை உடனே சேர்த்துவிடுங்கள்.

அதோடு தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுமானத்துக்கு 1994-லிருந்தே தனி வாரியம் உண்டு. சுமை தூக்குவோர் உட்பட மற்ற உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் வாரியம் இருக்கிறது. பதிவு புதுப்பிக்காமல் விட்டால் பலன் கிடைக்காது.


தாழைக்கோழி
செவ்வாய், காலை 5.40

அக்கா, சந்தோசங்க. நேத்து எழுதுனதுல உங்க எழுத்தே மாறிப் போச்சு. ஆனாலும் நான் ஒண்ணு சொல்லித்தான் ஆகணும். இதை ஆரம்பிச்சா வாசல்ல கூட்டம் நிக்கும், நீங்க வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க, மறுபடியும் மாமனாரைப் பாத்த மாதிரியே ஆயிடும். வாரத்துல ஒரு நாள், ரெண்டு மணி நேரம்னு கோடு போட்டுக்கங்க. மீதி நாள் காலையில ஒரு நடை போங்க. உறையூர்ல இருந்து காவிரிக்கரை எவ்வளவு தூரம்? ஆத்துல தண்ணி இல்லாதப்ப மணல்ல ஆள்காட்டிக் குருவி நிக்கும். அதை ஒரு தடவை பாருங்க, அப்பறம் எனக்குச் சொல்லுங்க.


இரவுப்பணி
செவ்வாய், காலை 7.00

அதை நானும் ஆமோதிக்கிறேன். முதல்ல ரிப்போர்ட்டைப் போடுங்க அக்கா.

மத்தவங்களுக்கும் ஒண்ணு: யாராவது இறந்துட்டா 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிடுங்க, கட்டணம் கிடையாது. அதைத் தாண்டுனா அலைச்சல். பேரு, வயசு ஆதார்ல இருக்கிற மாதிரியே எழுதுறாங்களான்னு நின்னு பாத்து வாங்குங்க. துக்கத்துல யாரும் அதைக் கவனிக்கறதில்ல, பின்னாடி ஒரு எழுத்துக்காக மாசக்கணக்கா நடக்கறாங்க. எங்க வார்டுல இதைச் சொல்லிட்டுத்தான் நான் அனுப்புறேன்.


உறையூர்க்காரி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.1. பி12-உம் குறைவு. மாத்திரை ஓடுகிறது. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை வீட்டு முன்னறையில் உட்காருகிறேன். தாழைக்கோழி சொன்ன கோட்டைப் போட்டுக்கொண்டேன், கணவர்தான் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தும் பொறுப்பு. சொல்லி வைத்தது இரண்டு பேரிடம்தான், இன்றைக்கு ஐந்து பேர். ஒருவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, நிறுவனமே மூடிவிட்டது. காகிதம் எதுவும் இல்லை. அவரை வெறுங்கையோடு அனுப்பியது இன்னும் உறுத்துகிறது. பழைய பி.எப். எண்ணைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வெறுமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில காலை வருகிறது. அது இருக்கும்போதே எழுந்து பல் துலக்கிவிட முடிகிறது.


மூட்டைக்கணக்கு
திங்கள், இரவு 8.50

அக்கா, மண்டியில எல்லா பாஸ்புக்கையும் பாத்துட்டேன். பாதிப் பேருக்கு 436 பிடிச்சிருக்கு, ஒருத்தருக்கும் எதுக்குன்னு தெரியலை. பிடிக்காத ஆளுங்களை வரிசையா வங்கிக்குக் கூட்டிட்டுப் போய்க்கிட்டு இருக்கேன். நானும் சேந்துட்டேன்.

ஒரு அவசரம். ஆடியில ஒரு அண்ணன் இறந்துட்டாரு, 46 வயசு. அவரு கணக்குல 436 போயிருக்கு. வங்கியில கேட்டோம், படிவம் குடுத்தாங்க. ஆனா நாமினி அவங்கம்மா பேர்ல இருக்கு, அண்ணி பேர்ல இல்ல. கல்யாணத்துக்கு முந்தியே தொடங்குன கணக்கு. இப்ப என்ன பண்ணணும்?


உறையூர்க்காரி
திங்கள், இரவு 9.05

அம்மா உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அவர்தான் கையெழுத்துப் போட்டுக் கோர வேண்டும், பணமும் அவர் கணக்குக்கே வரும். அவரையும் அண்ணியையும் ஒன்றாக உட்கார வைத்து முதலிலேயே பேசிவிடுங்கள், குடும்பத்தில் பெரியவர் ஒருவரும் கூட இருக்கட்டும். அம்மா தவறிவிட்டார் என்றால் அவருடைய இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், இ-சேவையில் விண்ணப்பித்து தாசில்தாரிடம் வாங்கலாம். எதுவாக இருந்தாலும் படிவத்தை நிரப்பும் முன் பாஸ்புக்கின் முதல் பக்கம், அந்த 436 ரூபாய் பிடித்த பக்கம், இறப்புச் சான்றிதழ் மூன்றையும் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பெயரில் எழுத்து வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.